எங்கிருந்தாலும் வரவும்

அந்தப் பைய எடுக்க வேணாம்க்கா, இருக்கட்டும். நான் இந்த ஓரத்துலயே உக்காந்துக்குறேன். தமிழ்தானே? நெனச்சேன். முறுக்கு டப்பாவ மடியில வச்சுக் காவல் காக்குறதப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. கோயம்புத்தூருக்கா? உங்க ஃபிளைட்டு பக்கத்து கேட்டு, பதினொன்னேகாலுக்கு. இன்னும் நேரம் கெடக்கு, சாவகாசமா உக்காருங்க. இவளுக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? நான் இதே பொழப்புலதான்க்கா பதினாலு வருஷமா இருக்கேன். திருச்சி ஏர்போர்ட்டு. பேரு மணிமொழி.

ஏர்ஹோஸ்டஸ் இல்லக்கா. எல்லாரும் அதத்தான் கேப்பாங்க, கேட்டா சந்தோஷமாத்தான் இருக்கும். நாங்க கீழ. கிரவுண்ட் ஸ்டாஃப். பெட்டி ரெண்டு கிலோ கூடுனா திட்டு எங்களுக்கு. மழை பெஞ்சு ஃபிளைட்டு லேட்டானா திட்டு எங்களுக்கு. ஜன்னல் சீட்டு இல்லன்னா மாமியார் சண்டையே எங்ககிட்டதான். எல்லாத்தையும் வாங்கிக் கட்டிக்கிட்டு மேல அனுப்பி வச்சா, அங்க ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே ஒரு கிளாஸ் தண்ணி குடுக்கும் பாருங்க, அதுக்குத்தான் நன்றி எல்லாம். பதினாலு வருஷத்துல எத்தனையோ தடவ ஃபிளைட்டுக்குள்ள ஏறி எறங்கிருக்கேன், வீல்சேர்க்காரங்கள உக்கார வைக்க. பறந்ததில்ல. இன்னைக்குக் காலைல திருச்சிலருந்து இந்த பெங்களூருக்கு வந்தேன் பாருங்க, அதுதான் முதல் தடவ. காது அடைச்சுக்குச்சு, இன்னும் லேசா கொய்ங்குனுதான் இருக்கு.

இப்ப டில்லி. சுத்திப் பாக்கன்னா நல்லாத்தான் இருக்கும். விசாரணைக்குப் போறேன்க்கா. என் மேல விசாரணை. சாயங்காலம் நாலு மணிக்கு ஹெட் ஆபீஸ்ல மூணு பேரு உக்காந்து கேப்பாங்க. போகலன்னா வராததே பதில்னு எழுதிட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கடுதாசியில அப்படியே போட்டிருக்கான். இந்த ஃபிளைட்ட விட்டா அடுத்தது ரெண்டரைக்கு, அதுல போயி புண்ணியமில்ல. கூத்து என்னன்னா, விசாரணைக்குக் கூப்பிட்டவங்க ஒழுங்கா ஒரு டிக்கெட்டுகூட குடுக்கலக்கா. ஸ்டாண்ட்பை. அப்படின்னா, காசு குடுத்து வந்தவங்க எல்லாம் ஏறி முடிச்சு, சீட்டு மிஞ்சினா பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க, போய் ஏறிக்கலாம். மிஞ்சலன்னா டாட்டா காட்டிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பயமா? எனக்கா? கேட்டுல வேல பாத்தவளுக்கு கேட்டப் பாத்து என்னக்கா பயம். யாராவது ஒருத்தரு வராமத்தான் போவாரு. எல்லா ஃபிளைட்டுலயும் ஒருத்தரு உண்டு. காதுல எதையோ மாட்டிக்கிட்டு தோசை தின்னுக்கிட்டு இருப்பாரு, இங்க தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருப்போம். அந்த சீட்டு எனக்கு. என் பேரக் கூப்பிட்டதும் ஒரே எட்டு. அதான் கவுண்டருக்கு இவ்வளவு பக்கத்துல வந்து உக்காந்திருக்கேன்.

என் வேலையே கூப்பிடுறதுதான்க்கா. மைக்கு. திருச்சியில ரெண்டாம் நம்பர் கேட்டுல ஒரு குரல் கேட்டிருப்பீங்களே, நீங்க அந்தப் பக்கம் வந்ததில்லையா? போகட்டும். வந்தவங்களக் கேட்டுப் பாருங்க. சேரும்போது இன்டர்வியூல ஒரு தாளக் குடுத்துப் படிக்கச் சொன்னாங்க. அதுல மழை இருந்துச்சு, வழி இருந்துச்சு, விழுப்புரம் இருந்துச்சு. எனக்கு முன்னாடி படிச்ச எட்டுப் பேரும் மளையில நனைஞ்சு விளுப்புரத்துல எறங்கிட்டாங்க. நான் படிச்சு முடிச்சதும் அந்த ஆபீசரு பேனாவ மூடி வச்சுட்டாரு.

எங்கப்பா குடுத்தது அந்த ழ. அவரு பேருலயே இருக்கு, ஏழுமலை. மண்ணச்சநல்லூர்ல ரைஸ்மில்லு, எடை போடுற எடத்துல வேல. மில்லு முழுக்க அவரு ஏலுமல. லாரிக்காரனும் ஏலுமல, மொதலாளியும் ஏலுமல. மனுசன் விடமாட்டாரு. “அய்யா, நாக்க மடிங்க, ழ. ஏழுமலை”ன்னு மொதலாளிக்கே சொல்லிக் குடுப்பாரு. அவங்க சிரிப்பாங்க. எனக்கு மானம் போகும். ஸ்கூல் விட்டு சாப்பாட்டுத் தூக்கு வாங்கப் போனா அடுத்த தெருவுலயே நின்னுக்குவேன். சாகுற வரைக்கும் அங்க ஒருத்தரும் சரியாச் சொல்லலக்கா. நாலு வருஷம் ஆச்சு. சரி, அத விடுங்க, கத அது இல்ல.

கேட்டீங்களா இப்ப? அந்தப் பொண்ணு கூப்பிடுறத. “பேசஞ்சர் எஜுமலாய்.” பாத்தீங்களா, நான் சொல்லல? ஒருத்தரு உண்டு. எஜுமலாயாம். மலேசியாக்காரரா, சீனாக்காரரா தெரியல. யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும், வராம இருக்கட்டும். அய்யோ, அப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனா என் நெலமையில இருந்து பாருங்க.

இந்தப் பொண்ணு கூப்பிட்டது எப்படி இருக்கு? ஒரு பாசம் வேணாம்? ரேஷன் கடையில கார்டு நம்பர் கூப்பிடுற மாதிரி இருக்கு. நான் அப்படிக் கூப்பிட மாட்டேன். முதல்ல இங்கிலீஷ்ல, சட்டத்துக்கு. அப்புறம் தமிழ்ல, நமக்கு. “சிங்கப்பூர் செல்லும் பயணி திரு. இன்னார் அவர்கள்”, அந்த ‘அவர்கள்’ நான் சேத்தது, கம்பெனி தாள்ல கெடையாது, “அன்புடன் அழைக்கப்படுகிறார்கள்.” அன்புடனும் என்னோடதுதான். மைக்கப் புடிச்சா எனக்குக் கண்ணு தானா மூடிக்கும். எங்க வீட்டுக்காரரு சொல்வாரு, நீ வீட்டுலயும் மைக்கு வச்சுத்தான் பேசுறன்னு. பொறாமை.

இப்ப நான் சொல்லப்போறதுதான் கத. ஒரு முறுக்கு எடுத்துக்கட்டுமா? ம்... எள்ளு தூக்கலா இருக்கு, நல்லா இருக்கு.

நமக்கெல்லாம் இனிஷியல்தானேக்கா? அப்பா பேரோட முதல் எழுத்து. பாஸ்போர்ட்டுக்குப் போனா அந்த ஒரு எழுத்த விரிச்சு முழுசா எழுதச் சொல்வாங்க. அது போய் சர்நேம்னு ஒரு கட்டத்துல சட்டமா உக்காந்துக்கும். எங்க லிஸ்ட்டுல அதுதான் முன்னாடி வரும், சொந்தப் பேரு பின்னாடி வரும். ரூல்படி முன்னாடி இருக்கிறதத்தான் கூப்பிடணும். அதனால எங்க கேட்டுல தினமும் அப்பாங்களத்தான் கூப்பிடுறோம், பிள்ளைங்க வந்து ஏறுறாங்க. பழகிட்டவங்களுக்குத் தெரியும். புதுசா போறவங்க திருதிருன்னு முழிப்பாங்க.

போன மாசி மாசம். சிங்கப்பூர் ஃபிளைட்டு, பட்டப்பகல். எல்லாரும் ஏறியாச்சு, ஒருத்தரு பாக்கி. லிஸ்ட்டுல முத்துக்கருப்பன். சொல்லிப் பாருங்க, முத்துக்கருப்பன். வாய் நெறையுது பாருங்க. அப்படி ஒரு பேரு கெடைச்சா விடுவேனா? கூப்பிட்டேன். வரல. மறுபடி கூப்பிட்டேன். வரல. மூணு தடவைக்கு மேல கூப்பிடக்கூடாது, அது ரூலு. மூணுக்கு அப்புறம் முழுப் பேரச் சொல்லி ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, வராதவரு பெட்டிய ஃபிளைட்டுலருந்து எறக்கிடணும். எனக்கு மனசு கேக்கல. டியூட்டி மேனேஜரு ஜெரால்டு சாரு பாத்ரூம் பக்கம், டீக்கடைப் பக்கம்னு ஓடி ஓடித் தேடுறாரு. நான் கண்ண மூடிக்கிட்டு கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, தானா வந்துச்சு வாயில: “திரு. முத்துக்கருப்பன் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக வருமாறு அன்புடன் அழைக்கப்படுகிறார்கள்.” மொத்தம் பதினொரு தடவ. ஆளு வரல. பெட்டிய தேடி எறக்கி, ஃபிளைட்டு நாப்பத்தேழு நிமிஷம் லேட்டு.

ஃபிளைட்டு போயிருச்சு. நான் கண்ணத் தொறந்து மைக்க வச்சா, எனக்கு நேரா மூணாவது நாற்காலியில ஒருத்தன் உக்காந்திருக்கான்க்கா. மடியில பை. மொகமெல்லாம் தண்ணி. எந்திரிச்சு வந்து என்ன கேட்டான் தெரியுமா?

“ஏன் மேடம் நிறுத்திட்டீங்க?”

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க! “நீ யாருப்பா?”ங்குறேன். “நான்தான் மேடம் கொளஞ்சிநாதன், சிங்கப்பூருக்கு”ங்குறான். பாஸ்போர்ட்ட வாங்கிப் பாத்தா, முத்துக்கருப்பன் கொளஞ்சிநாதன். கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கான்! செவிடு இல்ல, தூங்கல, தோசை திங்கல. பதினொரு தடவையும் கேட்டிருக்கான்!

“முதல்ல வேற யாரோன்னு நெனச்சேன் மேடம். அப்புறம் புரிஞ்சிருச்சு, எந்திரிக்கத்தான் முடியல”ங்குறான். ஜெயங்கொண்டத்துப் பக்கம் ஏதோ ஊரு. அவங்கப்பா கெணறு வெட்டுறவராம். ஊருல இருக்குற பாதிக் கெணறு அவரு வெட்டுனதாம். “சின்னப் பயகூட எங்கப்பாவ ஏய் கருப்பான்னுதான் மேடம் கூப்பிடுவான். முன்னாடி முத்துன்னு ஒண்ணு இருக்கிறதே ஊருல பாதிப் பேருக்குத் தெரியாது. செத்து மூணு வருஷம் ஆச்சு. இங்க இவ்வளவு பெரிய எடத்துல, கண்ணாடியும் ஏசியுமா இருக்க எடத்துல, திருன்னு சொல்லி, அவர்கள்னு சொல்லிக் கூப்பிடுறீங்க. எங்கிருந்தாலும் வாங்கன்னு கூப்பிட்டீங்களே மேடம், அதுல ஒடைஞ்சு போயிட்டேன். நான் எந்திரிச்சு வந்துட்டா நீங்க நிறுத்திடுவீங்கல்ல?”

இப்படி ஒரு கதைய நான் மேனேஜருகிட்ட எப்படிக்கா சொல்வேன்? ஃபிளைட்டு லேட்டானதுக்கு காரணம்னு ஒரு கோடு நம்பரு குடுத்திருக்கான் கம்பெனி, மழைன்னா ஒரு நம்பரு, இன்ஜின்னா ஒரு நம்பரு. அப்பா பேரக் கேட்டு அழுதாருன்னா எந்த நம்பரு போடுறது?

இருங்க, மறுபடி கூப்பிடுறா. ரெண்டாவது. “எஜுமலாய்.” இந்தப் பொண்ணு ரூல் மாறாது போலருக்கு, எண்ணி எண்ணித்தான் கூப்பிடுது. இன்னும் ஒண்ணு. அதோட எஜுமலாய் கதை முடிஞ்சுது, அடுத்தது என் பேரு வரும் பாருங்க. ஒரு ஆளு எந்திரிக்கிறாரே அங்க, அந்த நீலச் சட்டை... போகல, பாத்ரூமுக்குத்தான். நல்ல வேளை.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், அந்தாளு. ரெண்டு நாள் கழிச்சு வேற ஃபிளைட்டுல போயிட்டான். அதோட விட்டானா? அங்க போயி கம்பெனிக்கு லெட்டரு போட்டிருக்கான். புகாரா இருந்தாக்கூட தப்பிச்சிருப்பேன்க்கா, பயணி மேல ரெண்டு குத்தம் சொல்லிட்டுப் போயிருப்பேன். நன்றி லெட்டரு! “நான் நேர் எதிரே மூணாவது நாற்காலியில் இருந்தேன், மேடம் கண்ணை மூடிக்கொண்டு பதினொரு தடவை எங்கப்பாவை மரியாதையாகக் கூப்பிட்டார்கள், அவர்களுக்கு என் வணக்கம்.” பழைய வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம், வேற சைட்டுக்கு மாத்திட்டாங்களாம், அதையும் அந்த நன்றிக்குள்ளயே எழுதியிருக்கான். ஹெட் ஆபீஸ்ல அந்த லெட்டர ஃபிரேம் போட்டா மாட்டுவாங்க? வரி வரியா அடிக்கோடு போட்டு எனக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. எதிர்ல இருந்தவரப் பாக்கல, அது ஒரு குத்தம். மூணுக்கு மேல கூப்பிட்டது ஒரு குத்தம். அங்கீகரிக்கப்படாத சொற்களாம்க்கா. அவர்களும் அன்பும்.

அன்னைலருந்து மைக்கு இல்ல. காணாமப் போன பெட்டி கவுண்டர்ல போட்டுட்டாங்க. காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் என் பெட்டி எங்க, என் பெட்டி எங்கன்னு கேப்பாங்க. நான் கூப்பிடுறதுக்கு அங்க யாரும் இல்ல. என் எடத்துல ஒரு சின்னப் பொண்ணு கூப்பிடுது, மேலதான் இருக்கு மைக்கு, கீழ வரைக்கும் கேக்கும். “பளனியப்பன்”ங்குது. பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். வேல போனாலும் பரவால்லன்னு சொல்லமாட்டேன், வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு. ஆனா வேலையவிட அந்த மைக்குதான்க்கா. அது வேணும் எனக்கு.

அதுக்குத்தான் பதில் எழுதிருக்கேன், பாருங்க, ஆறு பக்கம். நானே எழுதுனது. படிங்க, கண்ணாடி வச்சிருக்கீங்கல்ல. மொத்தத்துல என்ன சொல்லிருக்கேன்னா, ஊழியர் மேல தப்பே இல்ல. அழைப்பு தெளிவா இருந்துச்சு. பயணிக்கு நல்லா கேட்டிருக்கு. கேட்டும் வேணும்னே எந்திரிக்கல. தன் பேரு கூப்பிடுறத கேட்டும் உக்காந்திருக்கிறவன் ஒண்ணு கிறுக்கனா இருக்கணும், இல்ல போக்கிரியா இருக்கணும். அந்த ‘கிறுக்கன்’ங்குறத ஜெரால்டு சாரு அடிச்சுட்டு ‘பொறுப்பற்றவர்’னு மாத்துனாரு. இத அப்படியே வாசிச்சா போதும்னு சொல்லிருக்காரு. அந்தாளு பொறுப்பில்லாதவன்னு ஆயிட்டா நான் தப்பிச்சேன்.

பாவமா? எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா தன் பேரு தனக்குத் தெரியாதாக்கா ஒரு மனுசனுக்கு? எதிர்ல உக்காந்துக்கிட்டு?

ஆச்சு, மூணாவது. “லாஸ்ட் கால், பேசஞ்சர் எஜுமலாய்.” முடிஞ்சுது. போய்ட்டு வாங்க எஜுமலாய், உங்க சீட்டு எனக்கு. பைய எடுத்துக்குறேன். இப்ப பாருங்க, மணிமொழின்னு வரும். மொழிய எப்படிக் கொதறப் போகுதோ.

...கூப்பிட மாட்டேங்குதே. கேட்டுக்குக் குறுக்கால கயித்த எடுத்துக் கட்டுது. என்னக்கா? தாளா? என்னோட ஸ்டாண்ட்பை தாளா, எதுக்கு? இந்தாங்க. சீட்டு நம்பரு இருக்காதே அதுல. என்ன, பேரா? எழுத்துக் கூட்டிப் படிக்கிறீங்களே. ஈ. இசட். ஹெச். யூ...

அது எங்கப்பா பேருதான்க்கா. நான் வேலைக்குச் சேந்தப்ப கல்யாணம் ஆகல, அப்ப குடுத்த பேருதான் கம்பெனியில. ஏழுமலை மணிமொழி. முன்னாடி இருக்கிறது அப்பா...

அய்யோ.

எஜுமலாய்.

எனக்கு நேரா நாலு அடியில நின்னு கூப்பிட்டுச்சேக்கா. மூணு தடவ. நான் வரக்கூடாது வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். யாரச் சொன்னேன் வரவேணாம்னு! எங்கப்பாவ. ரைஸ்மில்லத் தாண்டி எங்கயும் போகாதவர, டில்லி ஃபிளைட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டிருக்காங்க, நான்...

எக்ஸ்கியூஸ் மீ! மேடம்! ஹலோ, இதோ, நான்தான், நான்தான் அது, கதவ மூடிடாதீங்க! அக்கா, என் சால்வை, ஆங், குடுங்க. அந்த ஆறு பக்கமா? வேணாம்க்கா. அது வேணாம். அந்தக் கொளஞ்சிநாதன், பாவம்க்கா அவரு. நீங்களே வச்சுக்குங்க, முறுக்கு மடிக்க ஆகும். நாலு மணிக்கு வாய்க்கு என்ன வருதோ அதச் சொல்லிக்கிறேன். வர்றேன்க்கா, பாத்துப் போங்க, பதினொன்னேகாலு, மறந்துராதீங்க.

எஸ், ஸ்டாண்ட்பை. எஸ். சாரிம்மா, சாரி, கேட்டுச்சு, நல்லாத்தான் கேட்டுச்சு. போறேன், இதோ போறேன். ஒரு நிமிஷம். எஜுமலாய் இல்லம்மா அது. இங்க பாரு, என் வாயப் பாரு, நாக்க இப்படி மடி. ழ. ஏழுமலை. தெரியும்மா, மூணுக்கு மேல கூப்பிடக்கூடாது, உன் ரூலு எனக்குத் தெரியாதா. எனக்காக ஒரே ஒரு தடவ, அந்த மைக்குல, சரியாக் கூப்பிட்டுரும்மா. ஓடிப்போய் ஏறிக்கிறேன்.